இரணைமடு: குளம் வற்றும்போது யாருக்கு எவ்வளவு?

மார்கழி மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளம் 36 அடிக்கு நிரம்பி வான் பாயும்போது தண்ணீருக்காக யாரும் சண்டை பிடிப்பதில்லை. காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கணக்குப் பார்க்கும்போதுதான் முகங்கள் இறுகுகின்றன. கமக்காரருக்கு வயலுக்குப் பாயும் நீர் வேண்டும். மீனவருக்குக் குளத்திலேயே நிற்கும் நீர் வேண்டும். இதற்கிடையில் யாழ்ப்பாணத்தின் தாகமும் வந்து சேர்ந்தது.

அந்தத் தாகம் பொய்யல்ல. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் அதில் நைத்திரேற்றைக் கலக்கின்றன. சுன்னாகத்தில் கழிவெண்ணெயும் கலந்தது. அது தொடர்பான வழக்கில் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தனியார் மின் நிறுவனம் ஒன்றுக்கு 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதி ஒதுக்கிய குடிநீர்த் திட்டம், இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீட்டர் எடுக்க எண்ணியது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 10 மில்லியன் கன மீட்டர். குளக்கட்டை 2 அடி உயர்த்தினால் கொள்ளளவு 131 மில்லியனிலிருந்து 148 மில்லியன் கன மீட்டராகும். கூடுதல் நீரில் யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்தும் மிஞ்சும். காகிதத்தில் குறையே இல்லை.

கமக்காரர் கேட்டது வேறு கேள்வி: மழை பொய்க்கும் ஆண்டில்? குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வறண்டால் உயர்த்திய கட்டு ஒரு சொட்டையும் கூட்டாது. குழாய்க்கோ நாள்தோறும் அதே 27,000 வேண்டும். அந்த ஆண்டுத் தேவை நிறைகுளத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, கால் குளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். முதலில் அடிபடுவது சிறுபோகம். இந்த அச்சத்தைப் பிரதேசவாதம் என்று ஒதுக்கியது அநியாயம். எதிர்ப்பு வலுத்து, திட்டம் கடல்பக்கம் திரும்பியது. நாளுக்கு 24,000 கன மீட்டர் குடிநீர் தரும் தாழையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு மின்சாரச் செலவு அதிகம் என்பதால் குளத்து நீரை மலிவாகக் கேட்கும் குரல் மறுபடி எழக்கூடும்.

இந்த வாதங்களில் அதிகம் காதில் விழாதது மீனவர் குரல். ஆண் திலாப்பியா கரையோர ஆழங்குறைந்த நீரில் குழி தோண்டிக் கூடமைக்கிறது. நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் அந்தக் குழிகள் வெயிலில் காய்கின்றன. வான் கதவுகள் திறந்தால் குளத்தில் விட்ட மீன்குஞ்சுகளில் ஒரு பகுதி ஆற்றோடு போய்விடும். ஆனால் விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம், 1946ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தது. அரச அதிபர் தலைமையில் கூடும் அதில் முடிவெடுக்கும் உரிமை காணிக்காரருடையது, வலைக்காரருக்கு வாக்கில்லை. சட்டம் மாறும்வரை மீனவர் சங்கம் செய்யக்கூடியது உண்டு. 'இதற்குக் கீழே குளத்தை இறக்குவதில்லை' என்ற ஓர் அடிக்கணக்கை எழுத்தில் கேட்டு, கூட்டத்துக்கு முன்பே அரச அதிபரிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கொடுக்கலாம். கூட்டக் குறிப்பில் பதியும்படி வற்புறுத்தலாம்.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் வான் கதவுகள் திறந்த நேரம் பற்றி எழுந்த சர்ச்சை விசாரணைவரை போனது. இத்தகைய சர்ச்சைகளில் கைகொடுப்பது பதிவேடு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தினசரி நீர்மட்டம், துருசு வழியாக விட்ட நீர், கதவு திறந்த நேரம் ஆகியவற்றை எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். அரச அமைப்பொன்றின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், உயர் நீதிமன்றத்தில் மனுப்போடப் பொதுவாக ஒரு மாதமே அவகாசம். எனவே மீன் செத்தாலும் பயிர் கருகினாலும் திகதியோடு படமெடுத்து, அன்றே எழுத்தில் முறையிட்டு, முத்திரையிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.