நடப்பவருக்கும் நஷ்டஈடு
சட்டம் இருக்கிறது, தொகையும் இருக்கிறது, மனுதான் வருவதில்லை

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் சாலை பஜாரில் நடைபாதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய கடைத்தெரு இது. தலைமுறைகளாகத் தமிழர்கள் வியாபாரம் செய்யும் இடம். லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே மூட்டையோடு நடப்பவர்களிலும் தமிழர்கள் உண்டு.

அப்படி நடக்கும் ஒருவர் மீது வண்டி மோதினால், மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். சொந்த ஊர் நாகர்கோவில் என்றால், வாய்தாவுக்கு வாய்தா திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரிலேயே மனு போடச் சட்டம் இடம் தருகிறது.

சிக்கல் தொடங்குவது ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்ற கேள்வியில். கேரளத்தில் 1978-ல் சுமைத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நலவாரியத்தில் பதிவு செய்தவருக்குக் காட்ட ஏதோ ஒரு காகிதம் இருக்கிறது. கூடையில் வெற்றிலை விற்பவரிடம் என்ன இருக்கும்? 2004-ல் விபத்தில் சிக்கிய கர்நாடகக் கூலித் தொழிலாளி ஒருவர் தனக்கு மாதம் 4,500 ரூபாய் வருமானம் என்றார். தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதையே ஏற்றது. அமைப்பு சாராத தொழிலாளியிடம் சம்பளச் சான்று எங்கிருந்து வரும்? கேரளத் தீர்ப்புகளில் இந்த 4,500 அடிக்கடி அளவுகோலாகிறது. பிந்தைய விபத்துகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கூட்டிக்கொள்கிறார்கள்.

மோதிய வண்டி நிற்காமல் பறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதற்கும் திட்டம் உண்டு: 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். (அதற்கு முன் 25,000, 12,500 மட்டுமே.) நாட்டில் 2022-ல் இப்படி நடந்த விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205. அச்சுப் பிழை அல்ல.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இதற்கு விடை தேடப்பட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகும் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இத்திட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசார் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைபாதை பாதசாரிகளின் உரிமை என்று அதே வழக்கில் 2025 மே மாதம் சொன்னது.

இன்னொரு பக்கம், கெடு. 1994-ல் நீக்கப்பட்ட ஆறு மாதக் காலவரம்பு, 2019 திருத்தத்தின் வழியாக 2022 ஏப்ரலில் திரும்பி வந்தது. இடுப்பு முறிந்து படுக்கையில் கிடப்பவருக்கு ஆறு மாதம் ஓடுவதே தெரியாது. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஆனால் வழக்கு கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. தெருவிலேயே சமரசம் பேசி, கையில் திணித்த நோட்டை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அந்த வார்த்தை காயச் சான்றிதழில் ஏறிவிடும். பிறகு கோர்ட்டில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.