புழக்கடைக் கோழியும் புறநகர்ச் சட்டமும்

வீட்டுப் புழக்கடையில் நான்கு கோழிகள் வளர்ப்பதற்கு நகரசபையின் அனுமதி வேண்டுமோ என்று வினவினால் நம் அங்கத்தினருட் பலர் நகைப்பர். கோழி இல்லாத தெரு நம் ஊரில் ஏது? ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் புறநகர்களில் இவ்வினா கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகரசபைகளைக் கலக்கி வருகிறது. சொந்த மனையில் சொந்த வீடு கட்டி வாழ்வோர், இரண்டு பெட்டைகளை வைத்துக்கொண்டதற்காக அபராதம் செலுத்தியதும் உண்டு. ஒருவருடைய உடைமையுரிமை அண்டை வீட்டாரின் நலத்தோடு முட்டும்போது விதி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள். துணைவிதிகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு இஃது அயலான பொருள் அன்று.

அந்நாட்டிலும் தொடக்கத்தில் இத்தகைய தடை பரவலாக இருந்ததில்லை. முதல் உலகப் போரின்போது அரசின் வேளாண்மைத் துறையே மக்களைக் கோழி வளர்க்குமாறு வேண்டிக்கொண்டது; வீட்டில் ஆளுக்கு இரண்டு கோழி என்பது அக்காலச் சுவரொட்டியின் கணக்கு. பின்னர் காலம் மாறியது. 1926 ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் ஊர் பற்றிய வழக்கில், நிலத்தைக் குடியிருப்பு, வாணிகம், தொழில் எனப் பகுதி பிரித்துக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வதிகாரம் பரவப் பரவ, பல ஊர்களில் கோழி பண்ணைப் பிராணிகளின் பட்டியலிற் சேர்ந்து, குடியிருப்பினின்றும் விலக்கப்பட்டது. புல்தரை அழகாக இருந்தால் அது நல்ல தெரு. கோழி கிளறினால் அது தாழ்ந்த தெரு. இந்த மனப்பான்மைக்கும் சுகாதாரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது நம் கருத்து.

தடையை நீக்குமாறு மக்கள் கேட்கத் தொடங்கியபின், விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரம் 2004 இல் வீட்டுக்கு நான்கு பெட்டைகளை அனுமதித்தது. அதற்கு முன்பே அந்நகரில் பலர் மறைவாகக் கோழி வளர்த்து வந்தனர் என்பது கவனிக்கத் தக்கது. சியாட்டில் நகரம் மூன்றாக இருந்த வரம்பை 2010 இல் எட்டாக உயர்த்தியது. சிகாகோவிலோ 2007 இல் தடை கொணர முயன்று, அம்முயற்சி கைகூடவில்லை.

எதிர்ப்போர் கூறும் குறைகளுள் முதலாவது கூச்சல். இங்கே ஒரு சிறு அறியாமை பெருங்குழப்பம் விளைத்துவிட்டது. பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கே அது வேண்டும். நகரத்தார் பலர் இதனை அறியாமல், கோழி என்றாலே விடியற்காலைக் கூவல் என்று அஞ்சினர். சேவலை விலக்கியதும் இந்த வாதம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. முட்டையிட்டபின் பெட்டை கொக்கரிப்பது உண்மைதான்; ஆனால் அது பகலில், சிறிது நேரம். சேவல் வழக்கு நம் அண்டையிலும் நிகழ்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் அடூரில், அதிகாலை மூன்று மணிக்கே சேவல் கூவி உறக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒருவர் முறையிட, மேல்மாடியில் இருந்த கோழிக்கூண்டைப் பதினான்கு நாட்களுக்குள் இடம் மாற்றுமாறு கோட்ட அதிகாரி ஆணையிட்டார். கோழி வளர்ப்பையே அவர் தடுக்கவில்லை. இடத்தை மாற்றினார், அவ்வளவே.

நாற்றமும் எலியும் அடுத்த குறைகள். எண்ணிக்கை சிறிதாகவும், எச்சம் அவ்வப்போது அகற்றப்படுவதாகவும், தீவனம் மூடிய தகரப் பீப்பாயில் வைக்கப்படுவதாகவும் இருந்தால் இவை தீரும். அவிழ்த்துவிட்ட கோழியால் வரும் தொல்லையைப் பற்றி, தெருவிலே பாவு விரித்துக் கஞ்சியிடும் நம் நெசவாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அண்டை வீட்டாரின் சம்மதம் பற்றி நகரங்கள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டன. மின்னியாபொலிஸ் நகரில் நூறு அடி எல்லைக்குள் உள்ளோரில் நூற்றுக்கு எண்பது பேரின் எழுத்துமூலச் சம்மதம் ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. வேறு சில ஊர்களில் ஒட்டிய மனைக்காரர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். பின்னது தவறான முறை என்போம். ஒரேயொருவர் மறுத்தால் ஒழிந்துபோவது உரிமை ஆகாது, அது தயவு ஆகும். பழைய வேலித் தகராறு ஒன்று கோழிமேல் வந்து தீரும். மேலும், நகரசபை அனுமதித்தாலும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தின் ஒப்பந்த ஷரத்து தடுக்கக்கூடும். மனை வாங்கும்போதே அதற்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டவர் பின்னர் வருந்திப் பயனில்லை. வீட்டுவசதிச் சங்க அங்கத்தினர் தம் துணைவிதிகளைப் படித்திருக்கிறார்களோ என்ற ஐயம் இவ்விடத்தில் நமக்கு எழாமலில்லை.

ஆதாயக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பறவைக் காய்ச்சலால் பண்ணைக் கோழிகள் திரளாக அழிக்கப்பட்டதன் விளைவாக, 2025 மார்ச்சில் அந்நாட்டில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலருக்கு மேல் ஏறியது. வீட்டிலே கோழி வளர்ப்பதை எளிதாக்க வேண்டும் என்பது அதற்கு முந்திய மாதம் வேளாண்மைத் துறை வெளியிட்ட திட்டத்திலேயே ஒரு கூறாக இருந்தது. மக்களும் குஞ்சு வாங்க விரைந்தனர். ஆனால் குஞ்சு முட்டையிட ஏறத்தாழ ஐந்து திங்கள் ஆகும். அதற்குள் கடை விலை வெகுவாக இறங்கிவிட்டது. பெட்டை ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். ஆண்டுக்கு 40 கிலோ. நல்ல இனமாய் 250 முட்டை இட்டாலும், முட்டைக்கு 160 கிராம் தீவனம் விழும். கூண்டின் முதலையும் சேர்த்தால், சில கோழிகளை வைத்து இலாபம் காண்பது அரிது. நம் ஊர்க் கோழியைப் போலச் சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் தின்று வளர்வதன்று அது. ஆண்டு இரண்டு கடந்தால் முட்டை குறையும். பெயரிட்டு வளர்த்த கிழக்கோழியை என் செய்வது என்பது அவ்வீட்டாருக்கு வேறொரு சங்கடம்.

இனி, தள்ளிவிட இயலாத குறையாகிய நோய்க்கு வருவோம். 2020 ஆம் ஆண்டில் வீட்டுக் கோழிகளின் தொடர்பால் 1,722 பேருக்குச் சால்மனெல்லா நோய் கண்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. நோயற்றதாகத் தோன்றும் கோழியும் இக்கிருமியை உடையதாயிருக்கும். ஆதலின் கோழியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குஞ்சுகளோடு விளையாட விடாமையும் இன்றியமையாதன. பறவைக் காய்ச்சல் இதனினும் கொடிது. 2025 ஜனவரியில் லூசியானா மாநிலத்தில் ஒருவர் அந்நோயால் இறந்தார். வீட்டுக் கோழிகளோடும் காட்டுப் பறவைகளோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது.

அப்படியாயின் தடைசெய்வதே நன்றன்றோ என்பர். மாடிசனில் மறைவாக வளர்த்தவர்களை இங்கே நினைவுகூர வேண்டும். தடையால் கோழி மறைவதில்லை. கோழி இருப்பது மட்டுமே மறைகிறது. சங்கத் தணிக்கையிலும் ஏட்டில் ஏறிய நிலுவையைவிட ஏறாத நிலுவையே நம்மை அதிகம் அச்சுறுத்துவது. திருட்டுத்தனமாக வளர்ப்பவன் வீட்டில் நான்கு கோழிகள் ஒரே இரவில் மாண்டால், அவன் மருத்துவரிடம் செல்வானா? இருட்டில் குழிதோண்டிப் புதைப்பான். அல்லது குப்பையில் எறிவான். அடுத்த தெருவில் நோய் தோன்றும்போதுதான் மற்றவர் அறிவர். ஆதலின் அனுமதித்துப் பதிவு செய்தலே பாதுகாப்பான வழி என்பது நம் முடிபு. இங்கிலாந்திலும் வேல்சிலும் முன்னர் ஐம்பது பறவைகளுக்கு மேற்படின் மட்டுமே பதிவு கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், கூண்டுப் பறவையாக வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவை நீங்கலாக, ஒரே ஒரு கோழி வைத்திருப்போரும் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் வைத்திருந்தால் பாதிப்பேர் வந்திருக்கமாட்டார்கள்.

நம் நாட்டில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் முதன்முதல் தோன்றிற்று. நோய் உறுதிப்பட்ட இடத்தைச் சுற்றிலுமுள்ள கோழிகளை, வீட்டுக் கோழிகள் உட்பட, அதிகாரிகள் அழிக்கின்றனர். அவ்வாறு அழிக்கப்படுபவற்றுக்கு இழப்பீடு தரும் திட்டமும் உண்டு. ஆகவே கோழி வைத்திருக்கும் அங்கத்தினர், ஒன்றுக்கு மேற்பட்டவை திடீரென இறந்தால், அவற்றை வெறுங்கையால் தொடாமலும் வாய்க்காலில் வீசாமலும், அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி அனுப்புவார்களாக.