சாரம் கட்டிய கோபுரத்துக்குக் காவல் யார்?

கோயிலில் திருப்பணி தொடங்கிவிட்டால் ஊரே மகிழ்கிறது. கோபுரத்தில் சாரம் ஏறுகிறது. ஸ்தபதியும் கொத்தனாரும் வண்ணக்காரரும் வந்து சேருகிறார்கள். ஆனால், ஒரு பழங்காலக் கட்டடத்துக்கு அதிக ஆபத்து நேரக்கூடிய காலமும் இதுதான்!

பாலாலயம் ஆனவுடன் மூலவர் தரிசனம் நின்றுவிடுகிறது. பக்தர் கூட்டம் குறைகிறது, புதுமுகங்கள் பெருகுகின்றன. திருடன் ஏணி தேட வேண்டியதில்லை. சாரமே ஏணியாக நிற்கிறது!

அவிநாசியும் பேரூரும்

முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட தலம் அவிநாசி. இக்கோயிலுக்கு 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 மே மாதத்தில், ஓர் ஆசாமி இரவில் கோயிலுக்குள் இருந்துகொண்டு பொருள்களைச் சேதப்படுத்திவிட்டான். மறுநாள் பிடிபட்டான். கொங்கு நாடே பதறியது.

கோவையை அடுத்த பேரூரில் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அங்குள்ள கனகசபை மண்டபத்துத் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட சிற்பங்கள் இருக்கின்றன. விரல் நகம் வரை செதுக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தூணை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால், சாரப் பலகை ஒன்று கை தவறி விழுந்தால் போதும், ஒரு விரல் போய்விடும். போன விரலை எந்தச் சிற்பியாலும் முன்போலவே ஒட்டவைக்க முடியாது.

கேமரா என்ன செய்யும்?

இதற்குத்தான் கண்காணிப்புக் கேமரா. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, இருட்டிலும் அது படம் பிடிக்கிறது. பதிவுப் பெட்டி நிரம்பியதும் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதைப் பதிகிறது. ஆகவே, சேதத்தைச் சில வாரம் கழித்துக் கவனித்தால், அந்த நாளின் படம் அழிந்துபோயிருக்கலாம்!

திருப்பணி நடக்கும் இடத்தில் வேறு சங்கடங்களும் உண்டு. இன்று கேமராவுக்கு எதிரே வெட்டவெளி. நாளை அங்கே சாரமும் கித்தானும் மறைக்கும். சுண்ணாம்புத் தூசி லென்ஸில் படியும். மின்சாரம் நின்றால் கேமராவும் தூங்கிவிடும். எனவே, சாரம் மாறும்போதெல்லாம் கேமராவையும் இடம் மாற்ற வேண்டும்; தினமும் துடைக்க வேண்டும்; பாட்டரி வைக்க வேண்டும். பதிவுப் பெட்டியை வேலை நடக்கும் இடத்தில் வைக்காமல், வேறோர் அறையில் பூட்டிவைப்பது நல்லது.

பாரிஸ் தந்த பாடம்

பணக்கார நகரங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2025 அக்டோபர் 19-ஆம் தேதி, பாரிஸ் லூவர் அரண்மனைக் காட்சிசாலைக்குத் திருடர்கள் தொழிலாளர் உடையில் வந்தார்கள். ஏணி பொருத்திய லாரியைச் சுவரோரம் நிறுத்தி, மாடி வழியாக நுழைந்து, அரச நகைகளை அள்ளிச் சென்றார்கள். அந்தச் சுவர்ப் பக்கம் இருந்த ஒரே கேமரா வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது!

அதே பாரிஸில், 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி, நோத்ர்தாம் தேவாலயத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துவந்தபோது தீப்பிடித்தது. எச்சரிக்கை மணி உரிய நேரத்தில் அடித்தது. காவலரோ வேறு கட்டடத்தில் போய்த் தேடினார். சுமார் அரை மணி நேரம் வீணாயிற்று. கூரை எரிந்து விழுந்தது. கருவி சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ள மனிதன் வேண்டும் அல்லவா?

ஆனால், அங்கே ஒரு நல்ல காரியமும் முன்பே நடந்திருந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், லேசர் ஒளியால் அந்தத் தேவாலயத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தார். அது மறுசீரமைப்புக்கு உதவியது. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நடராஜர் திரும்பிய கதை

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த நடராஜர் 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பினார். அடையாளம் காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் களவுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம்!

இரவில் விழித்திருக்கும் கேமரா, வந்தவன் யார் என்று சொல்லும். என்ன போயிற்று, அது முன்பு எப்படி இருந்தது என்பதை முன்பே எடுத்த படம்தான் சொல்லும். எனவே, முதல் சாரக்கம்பு நடுவதற்கு முன், ஒவ்வொரு தூணையும் விக்கிரகத்தையும் கல்வெட்டையும் நான்கு புறமும் படம் எடுத்து, அளவும் தேதியும் எழுதிவைக்க வேண்டும். ஒரு பிரதி கோயிலில் இருக்கட்டும். மற்றொன்று வெளியே பத்திரமாக இருக்கட்டும்.

திருப்பணிக்கு ஊரார் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால், முன்னோர் செதுக்கியதைப் பேரப்பிள்ளைகளும் முழுமையாகப் பார்ப்பார்கள்.