மலைச்சரிவில் வளையும் முதுகுக்கு மருந்தில்லா வைத்தியம்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டு போகும் தேயிலைச் சரிவு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் இடம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காட்டைத் திருத்திச் செடி வைத்ததிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் உழைப்பு பெரிது. இன்று அந்த நிரைகளில் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். ஆட்கள் மாறினாலும் சரிவு அப்படியேதான் இருக்கிறது, இடுப்புவலியும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வலிக்குக் கோடாலித் தைலமும் பனடோலும் போதாதபோது, கைப்பேசித் திரையில் கைரோபிராக்டர் வருகிறார்: மாத்திரை வேண்டாம், அறுவை வேண்டாம், முதுகெலும்பை நேராக்கினால் உடம்பு தானே குணமாகும் என்கிறார். இந்த வாக்கில் பாதி நியாயம் இருக்கிறது. மாத்திரையை நம்பியிருக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் முதுகைத் தட்டிச் சரிசெய்தால் போதும் என்பதற்குச் சான்று இல்லை. தோட்டத் தொழிலாளியின் வலிக்கு மருந்தில்லா வைத்தியம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வலி உண்டாகும் வேலையைத்தான்.

அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது? கையால் கிள்ளி முதுகுக் கூடையில் போடும் காலம் கேமரன் மலையில் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது கொழுந்தைப் பிடிக்கும் பெட்டியோ பையோ பொருத்திய பெரிய கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். சரிவு அனுமதிக்கும் இடங்களில் இருவர் நிரையின் இரு பக்கமும் பிடித்துச் செல்லும் இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். கத்தரி பிடிப்பவரின் இரு கைகளும் உடம்பை விட்டு முன்னால் நீண்டிருக்கும். வெட்டிய கொழுந்தைப் பின்னால் போட இடுப்பு ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி வரும். சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் இருப்பதால் இடுப்பு எப்போதும் சாய்ந்தே நிற்கும். பிறகு நிரம்பிய மூட்டையைச் சாலை வரை சுமக்க வேண்டும், அதுவும் மழை பெய்து வழுக்கும் மண்ணில். ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலிருந்து முதுகெலும்பின் டிஸ்க்கில் ஏறும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நேராக நிற்பதைவிட முன்னால் குனிந்து நிற்கும்போது அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்காகிறது, குனிந்தபடி எடை பிடித்தால் இன்னும் ஏறுகிறது. இதை நாளுக்கு ஆயிரம் முறை, வருடக்கணக்கில் செய்கிற உடம்பு வலிக்கத்தான் செய்யும்.

மாத்திரையைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் மருந்தில்லா வைத்தியத்தின் பக்கம் உள்ள வலுவான நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்புவலி வந்த சுமார் 1,650 பேரிடம் பனடோலில் உள்ள பாரசிட்டமாலைச் சோதித்தார்கள். முடிவு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. மாத்திரை எடுத்தவர்கள் குணமாகச் சராசரியாக 17 நாள் ஆனது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அபின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணிகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2023-இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் கொஞ்சம் உதவும். ஆனால் அவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். மலேசியாவில் 2018-இல் வயது வந்தோரில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அதற்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் பெரிய காரணங்கள் என்றாலும், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தின் மேல் வலி மாத்திரையும் சேர்ந்தால் தாங்காது. ஆகவே மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக அவர் எதைக் கொடுக்கிறார் என்பதைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் பிறந்தது. அதைத் தொடங்கிய டி. டி. பால்மர் மருத்துவர் அல்லர். காந்த சிகிச்சை செய்துவந்தவர். ஹார்வி லில்லார்டு என்ற கட்டடக் காவலாளியின் முதுகில் ஓர் எலும்பை அழுத்தித் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டது என்பதுதான் இந்த முறையின் பிறப்புக் கதை. செவி நரம்பு முதுகெலும்பின் வழியாகப் போவதே இல்லை. காதிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. ஆனாலும், எலும்பு இடம் விலகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்ற கருத்தைப் பால்மர் அந்தக் கதையின் மேல் கட்டினார். இன்றும் சில நிலையங்களின் விளம்பரங்களில் அதன் வாடை இருக்கிறது: ஆஸ்துமா, குழந்தையின் அழுகை, செரிமானக் கோளாறு எல்லாவற்றுக்கும் முதுகெலும்பே காரணம் என்பார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. அழுத்தும்போது கேட்கும் சடக்கென்ற ஒலி எலும்பு இடத்துக்கு வந்த ஒலியும் அல்ல. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே ஸ்கேன் படம் எடுத்தார்கள். மூட்டு நீரில் வாயுக்குழி ஒன்று உருவாகும் தருணத்தில்தான் அந்த ஒலி எழுகிறது என்று அதில் தெரிந்தது.

பிறப்புக் கதை பிழையானது என்பதற்காகக் கைவைத்தியம் முழுவதையும் தள்ளிவிடுவதும் நியாயமாகாது. திடீர் இடுப்புவலிக்கு முதுகெலும்பை அழுத்திச் செய்யும் சிகிச்சை பற்றிய 26 சோதனைகளை 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் தொகுத்தது. 100 புள்ளி கொண்ட வலி அளவுகோலில் சராசரியாகச் சுமார் 10 புள்ளி குறைந்தது. நாள்பட்ட வலி பற்றிய 47 சோதனைகளின் தொகுப்பு 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சைகள் தரும் அளவு பலனையே இதுவும் தருகிறது என்பது அதன் முடிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மனத்துக்கான சிகிச்சை ஆகியவற்றோடு முதுகெலும்பு அழுத்தலையும் மசாஜையும் சேர்த்துக்கொண்டது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை மருந்து ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. ஆகவே கைரோபிராக்டரின் கை பல வழிகளில் ஒன்று. அதற்கு உரிய இடம் அவ்வளவே. நாற்பது முறை வரவேண்டும் என்று முன்பணத் தொகுப்பு விற்கிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: எத்தனையோ பேர் போய்வந்து நன்றாக இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் திடீர் இடுப்புவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் வைத்தியரைத் தேடிப் போகிறார். அதற்குப் பிறகு வலி இறங்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அருகில் யார் இருந்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கிறது. நம் ஊர்ப் பாட்டி சுளுக்குக்கு உருவி விடுவதும், வர்ம ஆசான் தடவுவதும், உப்பு ஒத்தடமும் இதே தராசில்தான் நிறுக்கப்பட வேண்டும். சூடான ஒத்தடமும் இதமான தடவலும் வலியைத் தணிக்கும், தைரியமாகச் செய்யலாம். ஆனால் பழமையானது என்பதற்காகவோ இயற்கையானது என்பதற்காகவோ எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. சந்தையில் வாங்கும் ஜாமு என்னும் மூலிகைப் பொட்டலங்களையும் மூட்டுவலி உருண்டைகளையும் எண்ணிப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். சில மாதங்களில் முகம் ஊதி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி நிற்பார்கள். மருந்தே வேண்டாம் என்று ஓடியவர், பெயர் தெரியாத மருந்தை அளவு தெரியாமல் விழுங்கிய கதையாகிவிடும். பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நெடுநாளைக்கு உதவுவது அசைவு. ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி மறுபடி வரச் சராசரியாக 208 நாள் ஆனது; மற்றவர்களுக்கு 112 நாள். நடைக்குச் செலவு இல்லை. ஆனால் இதைக் கொழுந்து வெட்டுகிறவரிடம் சொன்னால், நாள் முழுக்க மலையேறி இறங்குகிறவனிடம் நடக்கச் சொல்கிறீர்களே என்று கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வேலை வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் எவ்வளவு, எவ்வளவு நேரம், எப்போது ஓய்வு என்பதைத் தீர்மானிப்பவர் நாம். எல்லாத் தசைகளும் மாறி மாறி இயங்கும். வேலையில் அந்தத் தீர்மானம் நிரைக்கும் எடைக்கும் சொந்தம். அதே தசைகள் அதே பக்கம் ஓய்வில்லாமல் இழுபடும். ஓய்வுநேர உடலுழைப்பு இதயத்துக்கு நல்லதாகவும், கட்டாய உடலுழைப்பு அப்படி இல்லாமலும் இருப்பதை டென்மார்க்கின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஆகவே அலுவலக நாற்காலிக்காரருக்குத் தரும் அறிவுரையை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. தோட்டத் தொழிலாளிக்குத் தேவை வேலைக்கு நடுவே நிமிர்ந்து பின்னால் வளைந்து கொள்ளச் சில நிமிடம், கத்தரியின் பக்கத்தை மாற்றும் பழக்கம், வெட்டும் வேலையையும் சுமக்கும் வேலையையும் முறைவைத்து மாற்றிக்கொள்வது.

இவற்றில் எதையும் தொழிலாளி தனியாகச் செய்துவிட முடியாது. எடைக்குக் கூலி என்ற முறை இருக்கும் இடத்தில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் தன் கூலியையே விலையாகக் கொடுக்கிறார். அதனால்தான் இது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பும் ஆகிறது. மலேசியத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2018-இல் வெளியிட்ட சுமைதூக்கல் வழிகாட்டி, மிகச் சாதகமான நிலையில், அதாவது உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில் தூக்கும்போதே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று வரம்பு சொல்கிறது. உடம்பை முறுக்கினாலோ திரும்பத் திரும்பத் தூக்கினாலோ அதையும் குறைக்க வேண்டும். வழுக்கும் மலைச்சரிவு சாதகமான நிலை ஆகாது. திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. இதெல்லாம் செலவு, தேயிலையில் லாபம் குறைவு என்பது நிர்வாகங்களின் பதிலாக இருக்கலாம். ஆனால் மூட்டையைச் சிறிதாக்குவதற்கும், வண்டி வந்து நிற்கும் இடத்தை நிரைக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்கும் பெரிய முதலீடு வேண்டியதில்லை. செய்யாமல் விட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கென்யா ஒரு பாடம். அங்கே ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கொழுந்து பறித்துச் சுமந்ததால் முதுகு கெட்டது என்று ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கென்யாவின் சொந்த இழப்பீட்டு முறைக்கே முதலில் போகவேண்டும் என்று 2023-இல் அந்த நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்தது. வழக்கு அப்போது நிறுத்திவைக்கப்பட்டாலும், கொழுந்துச் சுமையும் முதுகுவலியும் உலகறிந்த கேள்வியாகிவிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் கைரோபிராக்டரிடம் போக விரும்பினால் போகலாம், சிலவற்றைப் பார்த்துவிட்டு. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இன் கீழ் கைரோபிராக்டிக் அங்கீகரிக்கப்பட்ட துறை; கோலாலம்பூரில் அதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. பதிவுபெற்றவரா என்று கேளுங்கள். கழுத்தைச் சடாரென்று திருப்ப விடாதீர்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. வயதான பெண்களின் எலும்பு தேய்ந்திருக்கும். பலமான அழுத்தலில் முறியலாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இரவிலும் தணியாத வலி இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ எந்தக் கைவைத்தியரும் வேண்டாம். அன்றைக்கே கேமரன் மலையின் தானா ராத்தா நகரில் உள்ள சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வேலையில் முதுகு அடிபட்டால் அன்றே நிர்வாகத்திடம் சொல்லுங்கள், எழுத்தில் பதிவாகட்டும். தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வேலை செய்கிறவருக்கு இது தெரியாவிட்டால் அவருக்கும் சொல்லுங்கள்.