வலைக்கு ஒரு காவல்காரன்!

பழவேற்காடு ஏரிக் குப்பங்கள் சிலவற்றில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்கணும், முறையும் வரணும். அப்போதுதான் வலை இறங்கும்.

நம்ம ஆபீஸ் வலையிலும் இதே கதைதான் சார்! நூறு கம்ப்யூட்டர், பத்து ஸ்விட்ச், மூலையில் இருமிக்கொண்டே ஓடும் பிரிண்டர்... எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க 1988-ல் வந்தது எஸ்.என்.எம்.பி. முதல் எழுத்து 'சிம்பிள்'. பெயரில் மட்டும்!

கண்காணிக்கும் கம்ப்யூட்டர் 'மேனேஜர்'. ஒவ்வொரு கருவிக்குள்ளும் குந்தியிருக்கும் குட்டி சாஃப்ட்வேர் 'ஏஜென்ட்'. மேனேஜர் முறைவைத்து ஒவ்வொருவரிடமும், "என்னப்பா, சௌக்கியமா?" என்று விசாரிப்பது 'போலிங்' (தேர்தல் இல்லை!). எதையெல்லாம் விசாரிக்கலாம் என்ற பட்டியல் 'மிப்'. அதில் இல்லாததைக் கேட்டால், 'அப்படி ஒன்றும் இல்லை' என்றுதான் பதில் வரும்.

திடீரென்று லைன் அறுந்தால்? முறை வரும்வரை காத்திராமல் ஏஜென்ட்டே கூவும். அது 'ட்ராப்'. கூவியது காதில் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே போலிங்கை நிறுத்தக் கூடாது.

வம்பு பாஸ்வேர்டில்தான். 'கம்யூனிட்டி ஸ்ட்ரிங்' என்பார்கள். முதல் இரண்டு பதிப்புகளில் இது போஸ்ட் கார்டு மாதிரி திறந்தபடியே பயணம் போகும். போதாததற்கு, பல கருவிகள் கடையிலிருந்து வரும்போதே அந்தப் பாஸ்வேர்ட் 'பப்ளிக்'! மாற்றாமல் விட்டால், பட்டியலில் இல்லாதவனும் நம் வலையை எட்டிப் பார்ப்பான். மூன்றாவது பதிப்பில்தான் உருப்படியான பூட்டு வந்தது.

உங்கள் ஆபீஸில் எப்படி? சிஸ்டம் அட்மின் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். புரையேறினால்... 'பப்ளிக்'தான்!