ஆம்னி வேன் வைத்திருக்கிறீர்களா? டைமிங் பெல்ட்டுக்கு வயது பாருங்கள்!

பயிர்க் கேள்விகளுக்கு நடுவே இந்த முறை ஒரு வண்டிக் கேள்வி வந்திருக்கிறது. ‘எங்கள் வீட்டில் பழைய மாருதி ஆம்னி ஓடுகிறது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பித்தாகிவிட்டது. எங்கள் தோட்டத்துக் காயைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அதில்தான், குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போவதும் அதில்தான். கொஞ்ச நாளாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. வாட்டர் பம்ப் போய்விட்டது, டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பெல்ட்தான் நன்றாக ஓடுகிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். ‘பணம் பறிக்கப் பார்க்கிறாரோ’ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

மெக்கானிக் சொல்வது சரி. கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், கிராமங்களில் ஓடும் பழைய வேன்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வேளாண்மை அதிகாரிக்கு வேனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். வயலில் பூச்சியைப் பற்றிப் பேசி முடித்தால், அடுத்த பேச்சு பம்ப்செட், பவர் டில்லர், வண்டி என்றுதான் போகும். பறித்த தக்காளியோடு நடுரோட்டில் வண்டி நின்றால், அதுவும் மகசூல் இழப்புதான்.

ஆம்னியில் இருப்பது 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். 1984-ல் வந்த வண்டி, 2019-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின். கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட். இரண்டையும் இணைத்து ஓடுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அதுதான் டைமிங் பெல்ட். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் சரியாக 1 சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும். அறுந்துபோனால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும். மாவு மில்லில் பெல்ட் அறுந்தால் வேறு பெல்ட் போட்டு ஓட்டிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. சில இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது திறந்தபடி நிற்கும் வால்வில் இடித்து, வால்வை வளைத்துவிடும். டீசல் இன்ஜின்களில் இடைவெளி மிகவும் குறைவு என்பதால் இந்தச் சேதம் அநேகமாக உறுதி. டைமிங் பெல்ட்டில் ஓடும் பழைய குவாலிஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். பெல்ட், பம்ப் வேலை சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றுவது அதைப்போலப் பல மடங்கு.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்

‘வண்டி அதிகம் ஓடவில்லையே சார்’ என்பார்கள். டைமிங் பெல்ட்டுக்கு வண்டியைப் பொறுத்து 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் கணக்கே உங்களுக்கு. ஆனால், நம் ஊர் வேன்களில் பாதிக்கு ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து வருஷக்கணக்காகியிருக்கும். முள் ஓடாத மீட்டரை வைத்து என்ன கணக்குப் பார்ப்பது? தவிர, சந்தை வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும்போது மீட்டர் ஏறாது. பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் வயதைப் பாருங்கள். ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சூட்டில் வறண்டுபோகும். விதை மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் முளைப்புத்திறன் குறைகிறதே, அந்த மாதிரிதான். என் கணக்கு, 5 வருஷம் தாண்டிய பெல்ட்டை விட்டுவைக்கக் கூடாது. செகண்ட் ஹேண்டில் வேன் வாங்கி, ‘போன வருஷம்தான் மாற்றினேன்’ என்று விற்றவர் சொன்னால், பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா என்றால், கெட்டுப்போன பெல்ட்டை அடையாளம் காணலாம். வெடிப்பு, பிசிர், பல் உதிர்வு, எண்ணெய்ப் பசை தெரியும். நல்லதாகத் தெரிகிற பெல்ட்டுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. அதன் பலம் உள்ளே ஓடும் கண்ணாடி இழையில் இருக்கிறது. அது வெளியே தெரியாது.

பம்பைக் கொல்வது போர் தண்ணீர்

பல இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டேதான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டும் சேர்ந்து போகும். ஆம்னியில் வெளியே இருக்கும் வி-பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. ஆனாலும் பம்ப் உட்கார்ந்திருக்கும் இடம் டைமிங் கவரை ஒட்டித்தான். பம்பைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தக் கவரையும் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். அதாவது, பம்புக்குக் கொடுக்கும் கூலியிலேயே பெல்ட் வேலையும் முடிந்துவிடுகிறது. பெல்ட்டின் விலை மட்டும்தான் கூடுதல். இன்று பம்பை மட்டும் மாற்றி, ஆறு மாதம் கழித்து பெல்ட்டுக்காக மறுபடி பிரித்தால் அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கேம், கிராங்க் இரண்டின் ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். பழைய சீலில் எண்ணெய் கசிந்தால் புதுப் பெல்ட்டும் ஊறிக் கெடும்.

பம்ப் போகப்போவதைச் சில அறிகுறிகள் காட்டும். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அந்த வழியாகச் சொட்டும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் இருக்கும். பேரிங் போனால் கீச்சென்று சத்தம் வரும். இன்ஜின் அணைந்திருக்கும்போது புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆடும். துளையை எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கசிவு பேரிங்குக்குள் போவதைத் தவிர அதில் ஒரு பலனும் இல்லை.

பம்ப் சீக்கிரம் போவதற்குப் பெரிய காரணம், நாம் ஊற்றும் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து எமிட்டர் அடைவது உங்களுக்குத் தெரியும். அதே போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். அங்கே இன்னும் சூடு அதிகம், உப்பு வேகமாகப் படியும். அந்தப் பொருக்கு சீலை அரிக்கிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விடுகிறோமே, இதற்கும் விடலாமா என்று கேட்காதீர்கள். ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கேனில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்ட் என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்றினால், ஊர் திரும்பியதும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

வேலைக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். அறுவடைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள குறிகளை நேர்படுத்த வேண்டும். புதுப் பெல்ட் மாட்டியபின் சாவி போடாமல், ஸ்பானரால் கையாலேயே இன்ஜினை முழுதாக 2 சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஸ்டார்ட் செய்கிற மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகாதீர்கள். பெல்ட்டை மடிப்பது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவது, வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவுவது எல்லாமே அதன் ஆயுளைக் குறைக்கும்.

பெல்ட்டை மூடும் பிளாஸ்டிக் கவரைத் திரும்ப மாட்டச் சொல்லி நின்று பாருங்கள். ‘அது எதுக்குண்ணே, அடுத்த தடவை கழற்ற லேசா இருக்கும்’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நம் வண்டிகள் செம்மண் புழுதியிலும் வைக்கோல் தூசியிலும் ஓடுகின்றன. களத்து மேட்டில் நிற்கும் வேனுக்குள் எலி கூடு கட்டுவதும் நடக்கிறது. அந்தக் கவர்தான் காவல்.

பெல்ட்டைப் பில் போட்டு வாங்குங்கள். விதைக்கும் மருந்துக்கும் நான் தொண்டை வறளச் சொல்வது இதற்கும்தான். பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பல் எண்ணிக்கையும் அகலமும் ஒன்றா என்று பாருங்கள். கழற்றியதை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். மாற்றிய தேதியைக் கதவு ஓரத்தில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

தரையே துருப்பிடித்து ஓட்டை விழுந்த வேன் என்றால், இந்தச் செலவு வேண்டாம் என்பேன். பாடி திடமாக இருந்தால் செய்யுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

ஓடும்போது திடீரென்று இன்ஜின் அணைந்து, மறுபடி சாவி போட்டால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் சாவி போடாதீர்கள். நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. வால்வு தப்பியிருந்தாலும் அதில் போய்விடும். நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுத்து வாருங்கள்.

சூட்டு முள் ஏறினால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

வடித்த கூலன்ட்டை என்ன செய்கிறீர்கள்?

கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். இது இனிக்கும், ஆனால் விஷம். வாசலில் வடித்துவிட்டால் தேங்கியதை நாயும், ஆடும், கன்றும் நக்கிக் குடிக்கும். முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், அப்புறம் சிறுநீரகம் கெட்டுச் சாகும். மீதியைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வடிப்பதைப் பட்டறையிலேயே, சட்டியில் பிடித்து, மூடியுள்ள கேனில் அடைக்கச் சொல்லுங்கள். கிணற்று ஓரத்திலோ வாய்க்காலிலோ கொட்ட விடாதீர்கள். மாடோ ஆடோ குடித்துவிட்டது என்று தெரிந்தால் தள்ளாடும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள் அல்லது 1962-க்கு போன் செய்யுங்கள். என்ன குடித்தது, எப்போது குடித்தது என்று சொல்லி, கேனையும் கையில் எடுத்துப் போங்கள்.