நந்தனாருக்கு லீவு கொடுக்காத ஆண்டை எங்கிருந்து வந்தார்? கோபாலகிருஷ்ண பாரதியாரின் கதை

பெரியபுராணத்தில் நந்தனார் கதையை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆதனூர் வருகிறது, திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, நந்தனார் தில்லைக்குப் போகிறார். அவரைப் போகவிடாமல் தடுக்கும் ஆண்டை மட்டும் அதில் இல்லவே இல்லை. சேக்கிழாரின் நந்தனார் பண்ணையாளும் இல்லை; கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவர்.

நாமெல்லாம் சினிமாவில் பார்த்த அந்த 'வேதியர்', சுமார் 700 ஆண்டுகள் கழித்து மாயவரம் பக்கத்தில் பிறந்த பாத்திரம். உருவாக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

யார் இவர்?

நாகப்பட்டினம் அருகே நரிமணத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். மாயவரத்துக்கு வடக்கே ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். திருவையாற்றில் தியாகராஜரைச் சந்தித்தபோது ஆபோகி ராகத்தில் பாட்டு உண்டா என்று அவர் கேட்க, உடனே ஒரு கீர்த்தனை இயற்றிக் காட்டினார் என்பது கச்சேரி மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை. இயற்பகை நாயனார், திருநீலகண்டர், காரைக்கால் அம்மையார் பற்றியும் இசைக்கதைகள் எழுதினார். ஆனால், ஊரெல்லாம் பாடியது நந்தனார் சரித்திரத்தைத்தான்.

வயல்காட்டிலிருந்து வந்த கதை

காரணம் லேசானது. டெல்டாவில் ஆண்டையைக் கேட்காமல் பண்ணையாள் ஒரு நாள்கூட நகர முடியாது. சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். ஆண்டையோ 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்! விடிந்து பார்த்தால் கதிர் முற்றி நிற்கிறது. கடைசியில் ஆண்டையே நந்தன் காலில் விழுகிறார். கேட்டவர்களுக்கு இது புராணமாக இருந்திருக்காது, பக்கத்துப் பண்ணையில் நடப்பதாகவே இருந்திருக்கும். அந்தணராகப் பிறந்து, மிராசுதார்கள் ஆதரவில் வாழ்ந்த ஒருவர் இதை எழுதினார் என்பதுதான் ஆச்சரியம். இருந்தாலும் நந்தன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போகிறார். அந்த முடிவை பாரதியார் மாற்றவில்லை என்ற விமர்சனம் நியாயமானதுதான்.

தஞ்சாவூர் பண்ணையாட்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். நந்தனார் சரித்திரம் அச்சானதோ 1860களில். காரைக்காலில் இருந்த சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரி அதற்கு உதவினார்.

பிள்ளையவர்கள் ஏன் தயங்கினார்?

அந்தக் காலத்தில் புத்தகத்துக்குப் பெரிய புலவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். பாரதியார் தேடிப் போனது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை. இன்றைய குத்தாலம் வட்டத்தில் இருக்கும் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வான் அவர். பேச்சுத் தமிழும் இலக்கணப் பிழைகளும், பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டையும் அவருக்கு ஒப்பவில்லை. பாரதியார் பலமுறை நடந்தும் காரியம் ஆகவில்லை. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தாராம். உள்ளே இருந்த பிள்ளை மனம் உருகிப் பாயிரம் கொடுத்துவிட்டார்.

பிழை என்று அவர் ஒதுக்கிய அந்தப் பேச்சு நடையால்தான் எழுத்து தெரியாதவர்களும் அதைப் பாடினார்கள் என்பதை இன்று யோசித்தால் புரிகிறது. பிற்பாடு சுப்பிரமணிய பாரதியார், கலெக்டர் விஞ்சுக்கும் வ.உ.சி.க்கும் நடக்கும் வாக்குவாதத்தைப் பாட்டாக்க எடுத்ததும் நந்தன் சரித்திர மெட்டுகளைத்தான்.

பாதியில் நின்ற பாடம்

1871இல் 16 வயதுப் பையன் ஒருவன் மாயவரத்தில் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்தான். பையனின் தந்தை கனம் கிருஷ்ணையரின் சீடர், சங்கீத வித்வான். இங்கே இருக்கும்போது பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார். பையன் தினமும் போய்வந்தான். விஷயம் பிள்ளையின் காதுக்குப் போனது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாது என்றார். அதோடு பாட்டு வகுப்பு நின்றது.

பையன் உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடிகளிலிருந்து சங்க நூல்களை மீட்டவர்.

சினிமாவில் நந்தனார்

1935 படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். சம்பளம் அந்தக் காலத்து ஒரு லட்சம் ரூபாய். ஆண்டை வேதியர் வேடம் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயருக்கு. 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் நந்தனார் தண்டபாணி தேசிகர்.

பாட்டு வகுப்பை விட்ட மாணவரோ தன் குருவை மறக்கவில்லை. முதுமையில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றைத் தனிப் புத்தகமாக எழுதினார். பாரதியாரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.